அரசு அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பட்டதாரிக்கு: பணியேற்பு முதல் தகுதிகாண் பருவம் முடியும் வரை

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4, குரூப் 2ஏ தேர்வுகளில் தேறி இளநிலை உதவியாளராகவோ உதவியாளராகவோ சேர்பவர்களில் இன்று பெரும்பாலோர் பட்டதாரிகள். பொறியியல் படித்தவர்களும் நிறையப் பேர். படிப்பறிவில் யாரும் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் எதை முதலில் செய்வது, யாரிடம் முதலில் சொல்வது, எதை எழுத்தில் வைப்பது என்ற வரிசையில் ஒருவர் பாக்கியில்லாமல் தடுமாறுகிறார்கள். இந்த வழிகாட்டி அந்த வரிசையைப் பற்றியது.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வேறு துறையின் மாவட்ட அலுவலகமோ இயக்குநரகமோ என்றால் பதவிப் பெயர்கள் மாறும். வழக்கம் பெரிதாக மாறாது.

1. சேரும் முன் கையில் இருக்க வேண்டியவை

நியமன ஆணையை முதலிலிருந்து கடைசி வரி வரை படியுங்கள். எத்தனை நாளுக்குள் சேர வேண்டும், எந்த அலுவலரிடம் சேர வேண்டும், என்னென்ன கொண்டுவர வேண்டும் என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். இதைப் படிக்காமல் வந்து வாசலில் நின்று கேட்பவர்கள் அதிகம்.

அசல் சான்றிதழ்கள், ஒவ்வொன்றுக்கும் நாலைந்து நகல், உடல் தகுதிச் சான்று, சாதிச் சான்று, ஆதார், பான், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், புகைப்படங்கள் இவ்வளவும் ஒரே உறையில் இருக்கட்டும். எல்லா ஆவணத்திலும் பெயரும் முதலெழுத்தும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று முன்கூட்டியே பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருந்தால் சம்பளப் பட்டியலில் ஏற்றும்போது சிக்கும். திருத்த வேண்டிய ஆவணம் ஆதாரோ பானோதான். பள்ளிச் சான்றிதழில் கை வைக்க நினைக்காதீர்கள்.

தமிழில் கையெழுத்துப் போட இப்போதே பழகிக்கொள்ளுங்கள். முதலெழுத்தும் தமிழில்தான். பணிப்பதிவேட்டில் (உங்கள் பணி விவரம் முழுவதும் ஏறும் பதிவேடு) ஒரு மாதிரியும் கோப்பில் வேறு மாதிரியும் போட்டுவிட்டுப் பிறகு விளக்கம் சொல்ல வேண்டாம்.

2. பணியேற்கும் நாள்

முற்பகலிலேயே போய்விடுங்கள். அரசு அலுவலகங்களுக்கு நேரம் காலை 10 முதல் மாலை 5.45 வரை. பணியேற்பு அறிக்கையில் தேதியோடு முற்பகலா பிற்பகலா என்பதும் எழுதப்படும். பிற்பகலில் சேர்ந்தால் சம்பளம் மறுநாளிலிருந்துதான்.

நல்ல நாள் பார்த்துச் சேர்வது அவரவர் விருப்பம். ஆனால் காலாண்டையும் ஒரு பார்வை பாருங்கள். தமிழ்நாடு அரசில் ஆண்டு ஊதிய உயர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாளில்தான் வரும். செப்டம்பர் 30 அன்று சேர்ந்தவருக்கு ஜூலையில் கிடைக்கும். மறுநாள் சேர்ந்தவருக்கு அக்டோபரில். ஒரு நாள் தள்ளிப்போட்டதற்கு ஆண்டுதோறும் மூன்று மாதத் தாமதம். பணிமூப்பு வேறு கணக்கு. அது தேர்வாணையத் தரவரிசைப்படி.

பணியேற்பு அறிக்கையின் நகலில் தேதியிட்ட ஒப்புதல் வாங்கி வையுங்கள். அப்புறம் ஊழியர்களின் பணி விவரங்களைக் கவனிக்கும் பணியமைப்புப் பிரிவில் உங்கள் பணிப்பதிவேடு எப்போது திறக்கப்படும் என்று கேளுங்கள். முதல் நாளே விரட்ட வேண்டாம், முதல் மாதத்துக்குள் திறந்தாக வேண்டும். திறந்ததும் முதல் பக்கத்தை நீங்களே படித்துப் பாருங்கள்: பெயர், பிறந்த தேதி, சாதி, சொந்த மாவட்டம், கல்வித் தகுதி, நியமன ஆணை எண். பிறந்த தேதியைத் திருத்தக் கோருவதானால் பணியில் சேர்ந்த ஐந்து ஆண்டுகளுக்குள் கோர வேண்டும். மற்ற பிழைகளும் நாளாக ஆக உறைந்துவிடும். உங்களுக்குப் பின் பணப்பலன்கள் யாருக்கு என்று குறிப்பிடும் வாரிசு நியமனப் படிவங்களையும் அன்றே நிரப்பிக் கொடுத்துவிடலாம். திருமணமானதும் அவற்றை மாற்ற வேண்டும் என்பது பலருக்கு நினைவே இருப்பதில்லை.

3. முதல் வாரம்: ஏணியைத் தெரிந்துகொள்ளுதல்

ஆட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர், ஆட்சியரின் நேர்முக உதவியாளர் (பொது), அலுவலக மேலாளர், பிரிவின் தலைமை உதவியாளர், உதவியாளர், இளநிலை உதவியாளர். கோப்பு இந்தப் படிகளில்தான் ஏறும், இதே படிகளில்தான் இறங்கும். நடுவில் ஒரு படியைத் தாண்டக் கூடாது.

தனியார் நிறுவனத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு வருபவர்கள் சறுக்கும் இடம் இதுதான். அங்கே மேலாளரின் மேலாளருக்கே மின்னஞ்சல் போட்டுவிடலாம். இங்கே ஒரு சந்தேகத்தைத் தலைமை உதவியாளரிடம் கேட்காமல் நேரே நேர்முக உதவியாளர் அறைக்குள் போனால், கேள்வி சரியானதாக இருந்தாலும் பிரிவில் ஒரு மாதத்துக்கு யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். காரணம் வெறும் கௌரவம் மட்டும் இல்லை. அந்தக் கோப்பில் தப்பு வந்தால் இடையில் கையெழுத்துப் போடும் ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டும். அவர்களுக்குத் தெரியாமல் மேலே பேசியது அவர்கள் தலையில்தான் விடியும்.

அலுவலரே நேரில் அழைத்து ஏதாவது சொன்னால் போய் வாருங்கள். திரும்பி வந்ததும் முதல் வேலையாகத் தலைமை உதவியாளரிடம், “சார், அய்யா கூப்பிட்டு இதைக் கேட்டாங்க, இப்படிச் சொன்னேன்” என்று சொல்லிவிடுங்கள்.

அழைக்கும் முறை: மேலே இருப்பவர்கள் சார், மேடம்; பல மாவட்டங்களில் அய்யா, அம்மா. சக ஊழியர்களில் மூத்தவர்கள் அண்ணன், அக்கா. அலுவலக உதவியாளர்களை ‘பியூன்’ என்று சொல்லவே சொல்லாதீர்கள்; பெயர் சொல்லி ஏவவும் வேண்டாம். எந்தக் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது, அலுவலர் இன்று எந்த மனநிலையில் இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும் அளவுக்கு யாருக்கும் தெரியாது. பதிவறை எழுத்தரும் அப்படித்தான். முன்கோப்பு (அதே பொருளில் முன்பு முடிந்த கோப்பு) வேண்டுமென்றால் ஆள் அனுப்பாமல் கோரிக்கைச் சீட்டு எழுதிக்கொண்டு நீங்களே போங்கள்.

“சொந்த ஊர் எது தம்பி?” என்று தொடங்கி “ஊர்ல எந்தத் தெரு?” என்று நகரும் விசாரிப்பு எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம். அந்தக் கேள்வியைப் புது ஆளிடம் நீங்களும் கேட்காதீர்கள்.

4. சீட்டைப் பொறுப்பேற்றல்

வழிகாட்டியின் மற்ற பகுதிகளை மேலோட்டமாகப் படித்தாலும் இதை நிதானமாகப் படியுங்கள்.

பணிப்பகிர்வு ஆணை வந்ததும் உங்களுக்கு ‘அ3’ என்றோ ‘இ2’ என்றோ ஒரு சீட்டு, அதாவது ஓர் இருக்கையும் அதற்குரிய வேலையும், கிடைக்கும். நாற்காலியோடு, அதில் முன்பு இருந்தவர் விட்டுப்போன அத்தனையும் உங்கள் பேருக்கு வந்து சேரும். அதனால் உட்காரும் முன் நிலுவைக் கோப்புகளின் பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். கோப்பு எண், பொருள், இப்போது எந்த நிலையில் இருக்கிறது, கோப்பு கையில் இருக்கிறதா இல்லையா, இந்த நான்கு விவரமும் வேண்டும். முந்தையவர் மாறுதலில் வேறு வட்டத்துக்குப் போய்விட்டாலும் தொலைபேசியில் பிடித்துக் கேளுங்கள். பெரும்பாலும் தயங்காமல் சொல்வார்கள்.

பட்டியலில் இருந்தும் அலமாரியில் இல்லாத கோப்புகளைத் தனித்தாளில் எழுதி, தேதி போட்டு, தலைமை உதவியாளர் வழியாக மேலே வைத்துவிடுங்கள். சேர்ந்த வாரத்தில் இதைச் செய்தால் ‘பொறுப்பான ஆள்’ என்பார்கள். ஆறு மாதம் கழித்து, யாராவது அந்தக் கோப்பைக் கேட்கும்போது “நான் வரும்போதே இல்லை” என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரே உண்மைதான், சொன்ன தேதி வேறு.

அடுத்து அலமாரியையும் மேசை இழுப்பறையையும் முழுக்கக் காலி செய்யுங்கள். இழுப்பறையின் அடியில் பதிவாகாத மனு ஒன்று கட்டாயம் கிடக்கும். தேதி முத்திரை இல்லாத காகிதத்தைக் கண்டால் மறைக்கவும் வேண்டாம், நீங்களே முன்தேதியிட்டுப் பதியவும் வேண்டாம். கண்டெடுத்த நாளில் தலைமை உதவியாளரிடம் காட்டி, அவர் சொல்படி தபால் பிரிவில் சேர்த்துவிடுங்கள்.

பிறகு நிலுவையை அவசர வரிசையில் அடுக்குங்கள். முதலில் நீதிமன்ற வழக்குகள். “மனுவை நான்கு வாரத்துக்குள் பரிசீலித்து ஆணை பிறப்பிக்கவும்” என்று உயர் நீதிமன்றமோ மதுரைக் கிளையோ சொல்லியிருந்தால், கெடு பெரும்பாலும் ஆணை நகல் கிடைத்த நாளிலிருந்து ஓடத் தொடங்கியிருக்கும். அந்த நாளைச் சொல்வது தபால் முத்திரை. நீங்கள் கோப்பைத் திறந்த நாள் அல்ல. கெடு தவறினால் அவமதிப்பு வழக்கு. அதில் அலுவலர் பெயர் சொல்லி நிறுத்தப்படுவார். அடுத்து சட்டமன்ற வினாக்களும் அரசுக் கடிதங்களும். அடுத்து தகவல் அறியும் உரிமை மனுக்கள்: 30 நாள். தாமதமானால் பொதுத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விழலாம். அவருக்கு விழுந்தால் அடுத்த நிமிடம் அழைப்பு உங்களுக்கு. பிறகு முதல்வரின் முகவரி மனுக்கள், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் மனுக்கள், தணிக்கைத் தடைகள் (தணிக்கையில் எழுப்பிய ஆட்சேபணைகள்). மற்றவை அதன் பின்.

மேலே இருக்கிறது என்பதற்காக மேலே இருக்கும் கட்டை முதலில் அவிழ்ப்பதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. மேலே இருப்பது நேற்று வந்தது. கெடு அடியில் கிடக்கும்.

5. தன்பதிவேடு

உங்களுக்கு வரும் ஒவ்வொரு தபாலும் தன்பதிவேட்டில் ஏற வேண்டும், வந்த அன்றே. “நாளைக்குச் சேர்த்து எழுதிக்கலாம்” என்று ஒரு வாரம் விட்டால் அது ஒரு மாதம் ஆகிவிடும். புதிய பொருள் என்றால் புதிய எண். ஏற்கெனவே நடக்கும் கோப்புக்கு வந்த பதில் என்றால் பழைய எண்ணிலேயே சேரும். பழைய எண்ணைத் தேடச் சோம்பல்பட்டு ஒரே மனுவுக்கு இரண்டு கோப்பு திறப்பது இங்கே அடிக்கடி நடக்கும் விபத்து. ஒரு கோப்பில் ‘ஏற்கலாம்’ என்றும் இன்னொன்றில் ‘நிராகரிக்கலாம்’ என்றும் குறிப்பு போனதை நானே பார்த்திருக்கிறேன்.

கோப்பை முடிக்கும்போது ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று போடுவார்கள். ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம். அவ்வளவு காலம் பதிவறையில் வைத்திருக்க வேண்டும் என்று பொருள். முன்கோப்பில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துப் போடுங்கள். நிலம் தொடர்பான ஆணையை ஓராண்டில் முடித்தால் வழக்கு வரும்போது காட்டக் காகிதம் இருக்காது.

தன்பதிவேட்டை மேலாளர் குறித்த நாளில் தணிக்கை செய்வார். அதைப் பரீட்சையாக நினைத்து முந்தின இரவு உட்கார்ந்து நிரப்பாதீர்கள். ஒரே பேனா, ஒரே கையோட்டம், பதினைந்து நாள் பதிவு. பார்த்த உடனே தெரிந்துவிடும்.

6. அலுவலகக் குறிப்பு எழுதுதல்

குறிப்பை வைத்துத்தான் அலுவலகம் உங்களை எடைபோடும். பேச்சு, உடை, பட்டம் எல்லாம் அதற்குப் பிறகு.

வரிசை இது: பொருள், பார்வை (எந்த மனு, எந்தக் கடிதம் என்ற விவரம்), மனுவில் கேட்டிருப்பது, பெறப்பட்ட அறிக்கை சொல்வது, பொருந்தும் விதி அல்லது அரசாணை, முன்னுதாரணம் இருந்தால் அது, கடைசியில் என்ன ஆணை வேண்டப்படுகிறது. பத்தி பத்தியாக எண்ணிட்டு எழுதுங்கள். ஒவ்வொரு தகவலுக்கும் நடப்புக் கோப்பின் (ந.கோ.) பக்க எண்ணைக் காட்டுங்கள். நேர்முக உதவியாளர் கையில் ஒரு நாளில் எத்தனையோ கோப்புகள் புரளும். பக்க எண் இல்லாவிட்டால் அவர் தேட மாட்டார், திருப்பி அனுப்புவார்.

புதியவர் ஒருவர் வழக்கமாக எழுதுவது இப்படி இருக்கும்:

“மனுதாரர் பாவப்பட்டவராகத் தெரிகிறார். வட்டாட்சியரிடம் போனில் பேசியதில் ஆக்கிரமிப்பு உண்மைதான் என்றார். எனவே உடனே அகற்ற உத்தரவிடலாம்.”

இதையே இப்படி எழுத வேண்டும்:

“1. பார்வை 1-இல் காணும் மனுவில், கிராம வண்டிப்பாதையில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்றுமாறு மனுதாரர் கோரியுள்ளார் (ந.கோ. பக்கம் 1). 2. இதன்பேரில் வட்டாட்சியரிடம் அறிக்கை கோரப்பட்டது (பக்கம் 5). அறிக்கை இதுவரை பெறப்படவில்லை. 3. எனவே, நில அளவை வரைபடத்துடன் கூடிய அறிக்கையை ஏழு நாட்களுக்குள் அனுப்புமாறு வட்டாட்சியருக்கு நினைவூட்டு அனுப்பலாம். வரைவு ஒப்புதலுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது.”

முதலாவதில் இரக்கம் இருக்கிறது, ஆனால் நாளை நீதிமன்றத்தில் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. தொலைபேசியில் கேட்டதை வைத்து ஒருவர் வீட்டை இடிக்க ஆணை போட முடியாது. அந்த மனுதாரருக்கு நிஜமாகவே உதவ வேண்டுமென்றால் நினைவூட்டைத் தள்ளிப்போடாமல் அன்றே வையுங்கள். அதுதான் உங்கள் கையில் இருப்பது.

சில சின்ன விஷயங்கள். வெள்ளை மை தடவக் கூடாது; ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இடுங்கள். கையெழுத்தின் கீழே தேதி இல்லாவிட்டால் கையெழுத்தே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சை மை அலுவலர்களுக்கு என்பது மரபு; உங்கள் பேனா நீலமோ கறுப்போ. கணினியில் கோப்பு நகரும் மின் அலுவலக (e-Office) முறையில் மஞ்சள் குறிப்பு வரைவுதான், திருத்தலாம். பச்சைக் குறிப்பாக்கி அனுப்பிவிட்டால் பிறகு அழிக்க முடியாது. எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

கடவுச்சொல்லைப் பற்றி ஒன்று. “தம்பி, எனக்குக் கம்ப்யூட்டர் வராது, நீங்களே என் ஐடியில போய் அனுப்பிடுங்க” என்று மூத்தவர் ஒருவர் அன்பாகச் சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுங்கள். எத்தனை முறை வேண்டுமானாலும். அவர் கணக்கில் நீங்கள் நுழையாதீர்கள், உங்கள் கணக்கை அவருக்கும் கொடுக்காதீர்கள். அது யார் செய்தது என்று பின்னால் நிரூபிக்க வழியில்லை.

கோப்பு ‘பேசவும்’ என்று எழுதித் திரும்பி வந்தால் பதற வேண்டாம். அது திட்டு இல்லை. விளக்கம் வேண்டும் என்று அர்த்தம். முன்கோப்பு, அரசாணை நகல் இரண்டையும் எடுத்துக்கொண்டு தலைமை உதவியாளரோடு போங்கள். வெறுங்கையோடு போனால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு மாதிரி:

“இதுக்கு முன்கோப்பு எங்கே தம்பி?”

“தேடினேன் சார், கிடைக்கலை.”

“பதிவறைல யார்கிட்ட கேட்டீங்க?”

பதில் இருக்காது. பேசி முடித்த பிறகு குறிப்பில் ‘விவாதிக்கப்பட்டது’ என்று தேதியோடு எழுதி, சொன்ன திருத்தத்தைச் செய்து மறுபடி வையுங்கள். அன்றைக்கே வைத்தால் நல்லது; அலுவலருக்குப் பேசியது நினைவில் இருக்கும்.

தலைமை உதவியாளர் உங்கள் வரைவைச் சிவப்பாக்கிவிட்டால் வாதாட வேண்டாம். ஆனால் விதிக்கு மாறான ஒன்றை எழுதச் சொல்கிறார் என்று தோன்றினால், விதியை மட்டும் குறிப்பில் சுட்டிவிட்டு “ஆணைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது” என்று முடியுங்கள். யாரையும் குறை சொல்லும் வரி வேண்டாம். முடிவெடுப்பது மேலே இருப்பவர் வேலை. விதியைக் கண்ணில் படவைப்பது உங்கள் வேலை.

7. வாய்மொழி உத்தரவும் வாட்ஸ்அப்பும்

இரவு ஒன்பது மணிக்குக் குழுவில் ஒரு செய்தி வரும்: “நாளை காலை 9க்குள் விவரம் வேண்டும்.” எல்லாரும் “சரி அய்யா” போடுவார்கள், நீங்களும் போடலாம். ஆனால் அந்தச் செய்தி கோப்பு ஆகாது. மறுநாள் விவரத்தை அனுப்பியதும், எந்த உத்தரவின்பேரில் எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது என்று உரிய கோப்பில் இரண்டு வரி வைத்துவிடுங்கள்.

நேரில் சொன்ன உத்தரவும் அப்படியே. “அய்யா அவர்களின் வாய்மொழி உத்தரவின்படி” என்று தொடங்கிக் குறிப்பு வைத்தால் பெரும்பாலான அலுவலர்கள் ஒப்பமிடுவார்கள். ஒப்பமிடத் தயங்கினால், அதிலிருந்தே அந்த வேலையைப் பற்றி ஏதோ தெரிந்துகொள்ளலாம். செய்யும் முன் மேலாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

குழுவில் அரசியல், அரசின் முடிவுகள் பற்றிய கிண்டல், துணுக்கு எதையும் பகிராதீர்கள். அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973-இல் வந்தவை, வாட்ஸ்அப்பைக் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் உங்கள் கைப்பேசித் திரைப்பிடிப்பு விசாரணையில் தாராளமாக நிற்கும்.

8. மனுவோடு வருபவர் முன்னால்

மேசைக்கு வருபவரை உட்காரச் சொல்லுங்கள். நாற்காலி இல்லாவிட்டால் நீங்கள் எழுந்து நின்று கேளுங்கள். மனுவை நேரடியாகக் கையில் வாங்கி இழுப்பறையில் வைக்காதீர்கள். தபால் பிரிவுக்கு அழைத்துப் போய்ப் பதிந்து, எண்ணை எழுதிக் கொடுங்கள். எண் இல்லாத மனுவுக்கு நாளை யாரும் பொறுப்பில்லை, உங்களைத் தவிர.

“ஆகிவிடும்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கோப்பு எந்த மேசையில் இருக்கிறது, என்ன வர வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். பத்து முறை நடந்தவர் கத்தினால் கத்தட்டும். அவர் கத்துவது உங்களைப் பார்த்து அல்ல, ஒன்பது முறை பதில் சொல்லாதவர்களைப் பார்த்து.

இனிப்புப் பெட்டி வந்தால் அங்கேயே, எல்லோர் முன்னாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பல அலுவலகங்களில் காலையில் கையில் கொண்டுவரும் சொந்தப் பணத்தை எழுதிவைக்க ஒரு பதிவேடு இருக்கும். பலர் எழுதுவதில்லை, நீங்கள் எழுதுங்கள். ஊழல் தடுப்புத் துறையின் திடீர்ச் சோதனையில், வீட்டு வாடகைக்கு எடுத்துவந்த பணமும் கணக்கில் வராத பணம்தான்.

9. விடுப்பு, நேரம்

தற்செயல் விடுப்பு ஒரு நாட்காட்டி ஆண்டுக்கு 12 நாள், வரையறுக்கப்பட்ட விடுப்பு (பட்டியலில் உள்ள பண்டிகை நாட்களில் நீங்கள் தேர்ந்தெடுப்பது) 3. விடுமுறை நாட்களோடு சேர்த்துத் தொடர்ச்சியாகப் பத்து நாளுக்கு மேல் தற்செயல் விடுப்பில் போக முடியாது. கடிதம் கொடுத்ததும் விடுப்பு கிடைத்துவிட்டதாக நினைக்காதீர்கள், அனுமதித்தால்தான் விடுப்பு. வருவாய்த் துறை என்றால் புயல், தேர்தல் காலங்களில் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகவும் தலைமையிடத்தை, அதாவது பணிபுரியும் ஊரை, விட்டுச் செல்ல அனுமதி வேண்டும்.

வேறு பிரிவுக்கோ நீதிமன்றத்துக்கோ போனால் நடமாட்டப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போங்கள். வருகைப்பதிவேட்டில் நாளைக்கும் சேர்த்து ஒப்பமிடும் பழக்கம் எங்காவது கண்ணில் பட்டால் கண்ணில் படாததுபோல இருந்துவிடலாம். நீங்கள் செய்யாமல் இருந்தால் போதும்.

10. தேநீர், வசூல், சங்கம்

தேநீருக்குப் பிரிவோடு சேர்ந்து போங்கள். கோப்பில் இல்லாத பாதி விஷயம் அங்கேதான் தெரியவரும். கேட்டுக்கொள்ளுங்கள், திருப்பிச் சொல்லாதீர்கள்.

மாதக் கடைசியில் பணிநிறைவு விழா வசூல், ஆயுதபூஜைக்குப் பொரிகடலை வசூல், யாருக்காவது கல்யாண அன்பளிப்பு என்று வரும். எல்லோரும் தரும் தொகையைத் தாருங்கள், கூடுதலாக வேண்டாம். வசூலைப் பிடிக்கும் பொறுப்பைப் புது ஆளிடம்தான் தள்ளுவார்கள். ஏற்றுக்கொண்டால் பெயரும் தொகையும் எழுதி, மிச்சத்தோடு பட்டியலைக் காட்டிவிடுங்கள்.

சங்கச் சந்தா விருப்பம். முதல் வாரமே இரண்டு சங்கத்தாரும் ரசீதுப் புத்தகத்தோடு வருவார்கள். “கொஞ்ச நாள் பார்த்துட்டுச் சேர்றேன் அண்ணே” என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

பெண்களுக்கு ஒன்று: பத்துப் பேருக்குக் குறையாத அலுவலகம் எதிலும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். உறுப்பினர் பெயர்களைச் சேர்ந்த புதிதிலேயே தெரிந்துகொள்ளுங்கள். புகாரைச் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். “பெரியவர் அப்படித்தான், விட்டுடும்மா” என்று சமாதானம் பேச வருபவர்கள் அந்தக் கெடுவைச் சொல்ல மாட்டார்கள்.

11. முன்கூட்டியே கேட்க வேண்டியவை

மேற்படிப்பு, வேறு தேர்வுக்கு விண்ணப்பம், கடவுச்சீட்டு, வெளிநாட்டுப் பயணம், வீடு நிலம் வாங்குவது விற்பது இவை எதையும் அலுவலகத்துக்குச் சொல்லாமல் செய்யாதீர்கள். எதற்கு அனுமதி, எதற்குத் தகவல் மட்டும் போதும் என்று பணியமைப்புப் பிரிவு சொல்லும். தொலைநிலைக் கல்வியில் அனுமதியின்றி முதுகலை முடித்துவிட்டு அதைப் பணிப்பதிவேட்டில் ஏற்ற முடியாமல் அலைபவர்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு. பட்டம் செல்லும், பதிவு ஏறாது.

12. மெமோ வந்தால்

விளக்கம் கேட்டு வரும் சாதாரணக் குறிப்பாணை வேறு, ஒழுங்கு விதிகளில் சிறு தண்டனைக்கான 17(அ) வேறு, பெருந்தண்டனைக்கான 17(ஆ) வேறு. முதலாவதுக்கே அழுதுவிடாதீர்கள், கையொப்பமிட்டு, தேதி போட்டு வாங்குங்கள். வாங்க மறுப்பது இன்னொரு தவறாகப் பதிவாகும்.

பதிலைக் கெடுவுக்குள் கொடுங்கள். நடந்ததைத் தேதிவாரியாக, பக்க எண்ணோடு எழுதுங்கள். “வேலைப்பளு காரணமாக” என்ற வரி யாரையும் காப்பாற்றியதில்லை. 17(ஆ) என்றால் விளக்கம் தரும் முன், குற்றச்சாட்டுக்கு ஆதாரமான ஆவணங்களைப் பார்வையிட அனுமதி கேட்டு எழுதுங்கள். அனுபவமுள்ள ஒருவரிடம் வரைவைக் காட்டுங்கள். பதவி உயர்வுப் பட்டியல் தயாராகும் சமயத்தில் இது நிலுவையில் இருந்தால் பெயர் தள்ளிப்போகும். அதனால் விசாரணை இழுக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் நலன்தான்.

13. பயிற்சி, துறைத் தேர்வு, தகுதிகாண் பருவம்

தகுதிகாண் பருவம் என்பது தொடர்ச்சியான மூன்று ஆண்டுகளுக்குள் பணியில் இருந்த இரண்டு ஆண்டுகள். தற்செயல் விடுப்பு பணியாகக் கணக்காகும். மற்ற விடுப்புகள் எடுத்தால் முடியும் தேதி அந்த அளவுக்குத் தள்ளிப்போகும் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

ஈரோடு மாவட்டம் பவானிசாகரில் நடக்கும் அடிப்படைப் பயிற்சிக்கு உங்கள் பெயர் வரும்போது, “சீட்டில் வேலை இருக்கிறது, அடுத்த அணியில் போகிறேன்” என்று தள்ளாதீர்கள். பிரிவிலும் சிலர் அப்படிச் சொல்லவைப்பார்கள், வேலைக்கு ஆள் வேண்டுமே. அடுத்த அணி எப்போது என்று யாருக்கும் தெரியாது. போகும் முன் உங்கள் நிலுவைப் பட்டியலை எழுத்தில் ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.

துறைத் தேர்வுகளைத் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை, மே மாதமும் டிசம்பரிலும் நடத்துகிறது. உங்கள் பதவிக்கு எவை கட்டாயம் என்று முதல் மாதத்திலேயே பட்டியல் எடுங்கள். அலுவலக நடைமுறை நூல் தேர்வையும் சார்நிலை அலுவலர் கணக்குத் தேர்வையும் முதல் ஆண்டிலேயே முடித்துவிடுவது நல்லது. சேர்ந்த சூட்டில் படிப்புப் பழக்கம் இருக்கும். இரண்டு ஆண்டு கழித்துப் புத்தகத்தைத் தொட்டால் கை வராது. புத்தகத்தோடு எழுதும் தாள்களுக்கு எந்த விதி எந்தப் பக்கத்தில் என்று தெரியாவிட்டால் புத்தகம் இருந்தும் பயனில்லை. தேறிய முடிவு வெளியானதும் பணிப்பதிவேட்டில் பதிவு செய்யக் கடிதம் கொடுங்கள், தானாக ஏறாது.

கடைசியில் பலரை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பது சான்றிதழ்களின் உண்மைத்தன்மை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம், தட்டச்சு என்று ஒவ்வொன்றுக்கும் வழங்கிய அமைப்பிடமிருந்து உண்மை என்று பதில் வந்தாக வேண்டும். சேர்ந்த மூன்றாம் மாதமே கடிதம் போய்விட்டதா என்று கேளுங்கள். பல்கலைக்கழகம் கட்டணம் கேட்டால் கட்டி, ரசீதின் நகலைக் கொடுங்கள். பதில் வராவிட்டால் நினைவூட்டு வரைவை நீங்களே தயாரித்துப் பணியமைப்புப் பிரிவு உதவியாளரிடம் கொடுங்கள். முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துக்கு வைப்பார்.

இரண்டு ஆண்டுகள் முடிந்த மறுவாரம், விடுப்பு விவரம், பயிற்சி முடித்த சான்று, தேர்வு முடிவு, உண்மைத்தன்மைப் பதில்கள், காவல் துறைச் சரிபார்ப்பு எல்லாவற்றையும் இணைத்து, தகுதிகாண் பருவம் நிறைவடைந்ததாக ஆணை வழங்கக் கோரி விண்ணப்பம் கொடுங்கள். ஆணை வந்ததும் நகலை வீட்டுக்கு எடுத்துப் போகும் முன் பணிப்பதிவேட்டைக் கேட்டு வாங்கி, அந்த ஆணையின் எண்ணும் தேதியும் ஏறி, அலுவலர் சான்றொப்பம் இட்டிருக்கிறாரா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அங்கேயே நின்று போட்டு வாங்கிவிடுங்கள்.